எர்த் கம்பியை வெட்டாதீர்கள்: பெக்டரிக் கணினிக்குக் கரண்ட் கொடுப்பது பற்றி

டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. கலர் சோர்ட்டர் ஓட்டும் தம்பி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “சேர், அந்தப் பெட்டியில புறங்கையை வச்சுப் பாருங்க. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு.”

வைத்துப் பார்த்தேன். உண்மைதான். இரும்புப் பெட்டியின் ஓரத்தை மெல்லத் தடவினால் தோலுக்கடியில் ஒரு சுரசுரப்பு. அழுத்திப் பிடித்தால் தெரியவில்லை. கலர் சோர்ட்டர் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை: காய்ந்த தூள் சரிந்து விழும்போது கமராவால் பார்த்து, சிவப்புக் குச்சியை மட்டும் காற்றால் ஊதித் தள்ளும் இயந்திரம் அது. அதை இயக்குவது ஒரு தொழிற்சாலைக் கணினி. நம் வீட்டுக் கணினியின் உறவுக்காரன்தான். தேயிலைத் தூசி அடைக்காமல் இருக்க மின்விசிறி இல்லாமல், தடித்த அலுமினியப் பெட்டிக்குள் அடைத்திருப்பார்கள்.

பிளக்கைக் கழற்றித் திறந்தோம். கபில நிறக் கம்பி இருந்தது. நீலக் கம்பி இருந்தது. பச்சையும் மஞ்சளும் கலந்த மூன்றாவது கம்பியை ஒட்ட வெட்டி, கறுப்பு டேப் சுற்றி மடித்து வைத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். “அது இருந்தா ட்ரிப் சுவிட்ச் விழுந்துகிட்டே இருக்கு சேர். வெட்டின பிறகு ஒரு தொல்லையும் இல்ல.”

இந்தப் பதிலை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் கவனமில்லாதவர்களும் அல்ல. கொழுந்து வந்து குவிந்து கிடக்கும் இரவில் இயந்திரம் நின்றால் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் அந்த மூன்றாவது கம்பி என்ன செய்கிறது, அதை இணைத்தால் ஏன் ட்ரிப் விழுகிறது, வெட்டாமல் எப்படிச் சரிசெய்வது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். மின்சாரம் படித்திருக்க வேண்டியதில்லை.

மூன்று கம்பியும் ஒரு மண்ணும்

பள்ளிப் புத்தகத்தில் இவற்றுக்கு உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி, புவிக்கம்பி என்று பெயர். பெக்டரியில் லைவ், நியூட்ரல், எர்த். கரண்ட் உயிர்க்கம்பியில் வந்து, கணினிக்குள் வேலையைச் செய்துவிட்டு, நொதுமற்கம்பியில் திரும்பிப் போகிறது. கணினி ஓட இந்த இரண்டும் போதும். எர்த்தை வெட்டினாலும் ஓடுகிறது என்பதால்தான் அது வேண்டாத கம்பி என்ற எண்ணம் வருகிறது.

எர்த் கம்பி வைத்திருப்பது பழுது வரும் நாளுக்காக. உள்ளே உயிர்க்கம்பியின் உறை அதிர்வில் தேய்ந்து, செம்பு பெட்டியில் பட்டுவிட்டது என்று வையுங்கள். பெட்டி முழுவதும் இப்போது 230 வோல்ட். எர்த் இல்லையென்றால் கரண்ட் வெளியேற வழி இல்லாமல் காத்திருக்கும். ஈரக் கையோடு சிமெந்துத் தரையில் நிற்கும் ஒருவர் தொட்டால் அவர்தான் வழி. அப்படி நிற்கும் உடம்பின் தடை ஏறக்குறைய 1000 ஓம் என்று எடுத்தால், 230ஐ 1000ஆல் வகுக்க 0.23 அம்பியர், அதாவது 230 மில்லியம்பியர். நெஞ்சு வழியாகச் சில பத்து மில்லியம்பியர் போனாலே இதயத்தின் துடிப்பு தடுமாறக்கூடும். உயிர் போக அதைவிட அதிகம் தேவையில்லை.

சரி, எர்த் இருந்தால்? இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறார்கள். “எர்த் ரொட் அடிச்சிருக்கு, கரண்ட் மண்ணுக்குப் போயிடும், பயமில்லை” என்று சொல்வார்கள். கரண்ட் மண்ணுக்குப் போவது உண்மை. எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும்.

இலங்கையில் பொது லைனில் இருந்து வீட்டுக்கும் சிறிய இடங்களுக்கும் பொதுவாக வருவது உயிரும் நொதுமலும்தான். எர்த்தை நாமே மண்ணில் கம்பி அடித்து அமைத்துக்கொள்ள வேண்டும். பழுதான கரண்ட் நம் எர்த் ரொட் வழியாக மண்ணுக்குள் இறங்கி, தூரத்தில் இருக்கும் டிரான்ஸ்போமரின் எர்த் வழியாக ஏறி, வீடு திரும்ப வேண்டும். மண் செம்பைப் போலக் கடத்தாது. ஈரமான களிமண்ணில் 1.2 மீற்றர் நீளமும் 16 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள ஒரு ரொட்டை முழுவதும் அடித்தால் அதன் தடை 70 ஓம் அளவில் வரும். அப்போது பழுதுக் கரண்ட் சுமார் 3 அம்பியர்தான். அளவுக்கு மேல் கரண்ட் போனால் விழும் பிரேக்கர், 6 அம்பியர் என்றாலும்கூட, இதற்கு அசையாது. அது பாட்டுக்கு மேலே இருக்கும், பெட்டியும் 200 வோல்ட்டுக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கும். எர்த் இருந்தும் ஆள் அடிபடுவது இப்படித்தான்.

நம் மலையில் இது இன்னும் மோசம். கால் அடி மண்ணுக்குக் கீழே கருங்கல் தட்டும் இடங்கள் உண்டு. சரளையும் கல்லும் கலந்த நிலத்தில் அதே ரொட்டின் தடை 700 ஓமுக்கு ஏறலாம். பருவத்துக்குப் பருவமும் மாறும். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை மண் காய்ந்துவிடும். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் கச்சான் காற்று வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காயும். மழையில் அளந்த எர்த்தும் மண் காய்ந்தபோது அளந்த எர்த்தும் ஒன்றல்ல.

ட்ரிப் சுவிட்ச் என்ன பார்க்கிறது

இந்த இடத்தைக் காப்பாற்றுவது ட்ரிப் சுவிட்ச். புத்தகத்தில் மீதி மின்னோட்டச் சுற்றுடைப்பான் என்பார்கள். பெயர் நீளமாக இருந்தாலும் வேலை எளிது. உயிர்க்கம்பியில் போன கரண்ட்டையும் நொதுமற்கம்பியில் திரும்பி வந்த கரண்ட்டையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. போனது 2 அம்பியர், வந்தது 2 அம்பியர் என்றால் கணக்குச் சரி. வந்தது குறைந்தால், குறைந்த அளவு எங்கேயோ வேறு வழியில், எர்த்திலோ ஒருவர் உடம்பிலோ, ஒழுகுகிறது. அந்த வித்தியாசம் 30 மில்லியம்பியரைத் தொட்டால் ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் கரண்ட்டை வெட்டிவிடும். வித்தியாசம் பெரிதானால் இன்னும் வேகமாக வெட்டும்.

இப்போது அந்த 700 ஓம் ரொட்டை மறுபடி எடுங்கள். 30 மில்லியம்பியர் அதன் வழியாகப் போகும்போது பெட்டியில் வரும் அழுத்தம் 0.03ஐ 700ஆல் பெருக்க 21 வோல்ட். அந்த அளவுக்கு வரும்போதே ட்ரிப் விழுந்துவிடும். பிரேக்கரால் முடியாததை, மோசமான மண்ணில்கூட, எர்த்தும் ட்ரிப் சுவிட்ச்சும் சேர்ந்து முடித்துவிடுகின்றன. இரண்டும் சேர்ந்து என்பதை அடிக்கோடிட்டு வையுங்கள். எர்த்தை வெட்டிவிட்டால் ட்ரிப் சுவிட்ச்சுக்குப் பழுது தெரியவே தெரியாது. ஒருவர் தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கரண்ட் போன பிறகுதான் அதற்குத் தெரியவரும். முன்கூட்டியே விழ வேண்டிய சுவிட்ச்சை ஆள் அடிபட்ட பிறகு விழவைக்கிறோம்.

இன்னொன்று. ட்ரிப் சுவிட்ச்சில் டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கும். அமுக்கினால் டக்கென்று விழும். அமுக்கிப் பாருங்கள், மாதம் ஒரு முறையாவது. ஆனால் அது விழுந்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அந்தப் பட்டன் சுவிட்ச்சுக்குள்ளேயே ஒரு சிறு கரண்ட்டைக் குறுக்கு வழியில் விட்டுச் சோதிக்கிறது. எர்த் ரொட் மண்ணில் இல்லாவிட்டாலும் அது விழும். எர்த் இருக்கிறதா என்று தெரிய மின்னியலாளர் எர்த் டெஸ்டரால் அளந்துதான் ஆக வேண்டும்.

சரி, எறும்பு ஊர்ந்தது எதனால்? உள்ளே பழுது எதுவும் இல்லை. கணினியின் பவர் சப்ளைக்குள், இரைச்சலை வடிகட்ட, உயிர்க்கம்பிக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு சிறிய கொள்ளளவி (கெப்பாசிட்டர்), நொதுமற்கம்பிக்கும் பெட்டிக்கும் இடையில் இன்னொன்று வைத்திருப்பார்கள். அவற்றின் வழியாக எப்போதும் கொஞ்சம் கரண்ட் எர்த்துக்குப் போகும். 4.7 நனோபரட்டு கொள்ளளவி என்றால் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸில் ஒரு மில்லியம்பியரில் மூன்றில் ஒரு பங்கு. எர்த் இருந்தால் யாருக்கும் தெரியாமல் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் இரண்டு கொள்ளளவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெட்டி 115 வோல்ட் அளவில் மிதக்கும். கணினி, திரை, பிரிண்டர் என்று கேபிளால் கோர்த்த மூன்று நான்கு சாதனங்களும் சேர்ந்தால் ஒரு மில்லியம்பியரைத் தாண்டும். அந்த அளவை விரல் உணரும். ஆளைக் கொல்லாது. ஆனால் அந்தச் சுரசுரப்பு ஒரு செய்தி: இந்தப் பெட்டிக்கு எர்த் இல்லை. அதைப் பழகிக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.

இதே ஒழுக்குதான் ட்ரிப் விழுவதற்கும் பாதிக் காரணம். 30 மில்லியம்பியர் சுவிட்ச் 15க்குக் கீழே விழக்கூடாது, 30இல் கட்டாயம் விழ வேண்டும் என்பது விதி. நடுவில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். ஒரே ட்ரிப் சுவிட்ச்சில் கணினிகள், பிரிண்டர், கமரா, மோட்டரின் வேகத்தை மாற்றும் இன்வேட்டர் டிரைவ் எல்லாவற்றையும் ஏற்றினால் நல்ல நாளிலேயே 10, 12 மில்லியம்பியர் ஒழுகிக்கொண்டிருக்கும். அதன்மேல் சின்னதாக ஒன்று சேர்ந்தாலும் போதும்.

அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தது ஒரு கேத்தல். ஒபிஸ் மேசையில் தேத்தண்ணிக்கு வைத்திருந்த பழைய மின்கேத்தல். அதன் சூடாக்கியில் ஈரம் இறங்கியிருந்தது. அது அதே ட்ரிப் சுவிட்ச்சில் இருந்தது. கேத்தலைக் கழற்றி வைத்துவிட்டு, கலர் சோர்ட்டரின் எர்த்தை முறையாகப் பூட்டினோம். விழவில்லை. கேத்தலைப் போட்டதும் விழுந்தது. தம்பி கொஞ்ச நேரம் கேத்தலையே பார்த்துக்கொண்டு நின்றார். குற்றவாளி ஒரு பக்கம் இருக்க, காவல்காரனை வெட்டிப் போட்டிருந்தோம்.

ஆகவே ட்ரிப் விழுந்தால் செய்ய வேண்டியது தேடுவது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். கணினிக்கும் இன்வேட்டர் டிரைவ்களுக்கும் தனித்தனி ட்ரிப் சுவிட்ச் போடச் சொல்லுங்கள். கணினிக்குச் சுவிட்ச் வாங்கும்போது ‘ஏ’ வகை கேளுங்கள். கணினி பவர் சப்ளைகளில் வரும் துண்டு துண்டான கரண்ட் ஒழுக்கை அந்த வகை சரியாகப் பார்க்கும்.

செய்யவே கூடாத ஒரு குறுக்கு வழியையும் சொல்லிவிடுகிறேன். பிளக் பொயிண்ட்டில் எர்த் இல்லாவிட்டால், நொதுமலில் இருந்து எர்த் துளைக்கு ஒரு துண்டுக் கம்பி போட்டுவிடுவது. சோதனை விளக்கு எரியும், எல்லாம் சரி போலத் தெரியும். ஒரு நாள் வழியில் எங்கேயாவது நொதுமற்கம்பி அறுந்தால், அந்தப் பொயிண்ட்டில் மாட்டிய அத்தனை பெட்டியும் 230 வோல்ட்டுக்கு ஏறும். தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டுவதும் இப்போது பலிக்காது. முன்பு இரும்புக் குழாய். இன்று நடுவில் எங்காவது பிளாஸ்டிக் குழாய் வந்திருக்கும். கம்பி கட்டியிருப்பது மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

மடுவத்தில் ஆடிய எண்

எர்த்துக்கு இரண்டாவது வேலை ஒன்று உண்டு. ஆளைக் காப்பது முதல் வேலை. எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான பூச்சியம் தருவது இரண்டாவது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் எர்த் கம்பி அடிக்கடி வெட்டுப்படுகிறது.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் ஒரு டிஜிட்டல் தராசு. அதற்குள் இருக்கும் உணரி எடையை மிகச் சிறிய அழுத்தமாக மாற்றித் தருகிறது. 100 கிலோ தராசு, உணரிக்கு 10 வோல்ட் கொடுக்கிறோம், அது ஒரு வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் திருப்பித் தரும் வகை என்றால், முழு 100 கிலோவுக்கும் வருவது 20 மில்லிவோல்ட். அப்படியென்றால் ஒரு கிலோ என்பது 0.2 மில்லிவோல்ட். எங்கிருந்தோ ஒரே ஒரு மில்லிவோல்ட் இரைச்சல் கலந்தால் 5 கிலோ ஆடும். அந்த எண்ணில்தான் ஒரு பெண் காலையிலிருந்து முதுகில் சுமந்த கொழுந்தின் கணக்கு இருக்கிறது. இதை மின் இரைச்சல் என்று லேசாக விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.

இரைச்சல் எப்படி வருகிறது? தராசு மடுவத்து எர்த்தில். கணினி தொழிற்சாலை எர்த்தில். நடுவில் ஒரு டேட்டா கேபிள், அதைச் சுற்றிய உலோக வலை இரண்டு பக்கமும் பெட்டியில் பூட்டியிருக்கிறது. இரண்டு எர்த்தும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. ஒன்றுக்கும் மற்றதற்கும் சில வோல்ட் வித்தியாசம் இருக்கும், தொழிற்சாலையில் பெரிய மோட்டர் ஓடும்போது அது ஏறும். அந்த வித்தியாசம் டேட்டா கேபிளின் வலை வழியாகக் கரண்ட்டை ஓட்டுகிறது. எர்த்தில் இருந்து எர்த்துக்கு ஒரு வளையம் உண்டாகிவிட்டது. எண் ஆடுகிறது.

இப்போது யாரோ ஒருவர் தராசின் பிளக்கில் எர்த்தைக் கழற்றிப் பார்க்கிறார். எண் ஆடுவது நின்றுவிடுகிறது! வளையம் அறுந்தது, அதனால் நின்றது. ஆனால் அறுத்தது தப்பான கம்பி. ஈரத் தரையில், ஈரக் கொழுந்தோடு, நாள் முழுக்கப் பலர் தொடும் தராசு அது. வளையத்தை அறுக்க வேண்டியது டேட்டா பக்கத்தில். தராசுக் கேபிளின் உலோக வலையை ஒரு முனையில் மட்டும் பூட்டலாம். அல்லது செம்புத் தொடர்பு இல்லாமல் சிக்னலை மட்டும் கடத்தும் ஐசோலேட்டர் ஒன்றை நடுவில் வைக்கலாம்.

இரண்டு கட்டடத்துக்கு நடுவே என்றால் நான் ஃபைபர் கேபிளைத்தான் சொல்வேன், அதற்குக் காரணம் இடி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் மலையில் இடிமுழக்கம் வழக்கம். மின்னல் கம்பியில் நேராக விழ வேண்டியதில்லை. எதிர் மேட்டில் விழுந்தாலே போதும். 20,000 அம்பியர் மின்னல் கல் கலந்த மண்ணில் இறங்கினால், விழுந்த இடத்திலிருந்து 100 மீற்றரில் இருக்கும் மண்ணுக்கும் 200 மீற்றரில் இருக்கும் மண்ணுக்கும் இடையே அந்த நொடியில் 16,000 வோல்ட் வரை வித்தியாசம் வரலாம் என்று கணக்குக் காட்டுகிறது. மடுவம் ஒரு முனையில், தொழிற்சாலை மறு முனையில், நடுவில் செம்புக் கேபிள். தராசுகளில் வழக்கமாக வரும் ஆர்எஸ் 485 இணைப்பு தாங்குவது ஒரு பக்கம் 7 வோல்ட், மறு பக்கம் 12 வோல்ட். சாதாரண நெட்வர்க் கேபிளின் முனையில் இருக்கும் சிறு டிரான்ஸ்போமர் 1500 வோல்ட்டுக்குச் சோதிக்கப்பட்டது. 16,000க்கு முன்னால் இரண்டும் ஒன்றுதான். ஃபைபரில் கண்ணாடி இழை வழியாக வெளிச்சம்தான் போகிறது. செம்பு இல்லை, வளையமும் இல்லை. வாங்கும்போது உள்ளே தாங்குகம்பியாகக்கூட உலோகம் இல்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

கணினிக்குக் கொடுக்கும் 24 வோல்ட்

தொழிற்சாலைக் கணினிகள் பல 230 வோல்ட்டை நேரே எடுப்பதில்லை. பெனல் எனும் மின்பெட்டிக்குள் ஒரு பவர் சப்ளை அதை 24 வோல்ட் நேரோட்டமாக மாற்றித் தரும். கணினியின் பின்பக்கம் கூட்டல், கழித்தல், எர்த் என்று மூன்று ஸ்குரூ முனைகள் இருக்கும்.

60 வோட் கணினி என்றால் 24 வோல்ட்டில் 2.5 அம்பியர். பவர் சப்ளையை அளவுக்கு அளவாக வாங்காதீர்கள். 100 வோட் அல்லது 120 வோட் எடுங்கள். சூடான டிரையர் பக்கத்தில் வைத்த பவர் சப்ளை முத்திரையில் போட்டிருக்கும் அளவைத் தராது.

கம்பியின் தடிப்பையும் பாருங்கள். 0.75 சதுர மில்லிமீற்றர் கம்பியில் 10 மீற்றர் தூரம் போய் வந்தால் 2.5 அம்பியருக்குச் சுமார் 1.2 வோல்ட் விழும். 24இல் அது பெரிதில்லை. இதே கணினியை 12 வோல்ட்டில் ஓட்டினால் கரண்ட் இரட்டிப்பாகும், விழும் அழுத்தமும் இரட்டிப்பாகும், கணினிக்குப் போய்ச் சேர்வது 10 வோல்ட்டுக்கும் கீழே. அழுத்தம் குறையக் குறைய அது இன்னும் அதிகக் கரண்ட் இழுக்கும். காரணமே தெரியாமல் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகும் கணினிகளில் சிலவற்றுக்கு இதுதான் வியாதி.

கழித்தல் முனையை எர்த்தோடு சேர்க்க வேண்டுமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஆம், ஆனால் ஒரே இடத்தில், பவர் சப்ளை பக்கத்தில். சேர்த்திருந்தால், கூட்டல் கம்பி எங்காவது பெட்டியில் பட்ட உடனே பியூஸ் போய்விடும், பழுது தெரிந்துவிடும். சேர்க்காமல் மிதக்க விட்டால் முதல் பழுது சத்தமில்லாமல் கிடக்கும், இரண்டாவது பழுது வரும்போது எந்த வால்வு தானாகத் திறக்கும், எந்த மோட்டர் தானாக ஓடும் என்று சொல்ல முடியாது. சில கணினிகளில் கழித்தலும் பெட்டியும் உள்ளேயே இணைந்திருக்கும். கையேட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எர்த் கம்பியைப் பூட்டும் விதத்தில் ஒரு சின்ன விடயம். பெனல் பெட்டிக்கு அழகாகச் சாம்பல் பெயின்ட் அடித்திருப்பார்கள். எர்த் கம்பியின் முனையை அந்தப் பெயின்ட்டின் மேலேயே வைத்து ஸ்குரூவை இறுக்கிவிடுவார்கள். பார்வைக்குக் கச்சிதம், ஆனால் பெயின்ட் கரண்ட் கடத்தாது. ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கத் தெரிந்த பிறகு, பல் உள்ள வொஷர் போட்டு இறுக்க வேண்டும். பெனலின் கதவுக்குத் தனியாக ஒரு பின்னல் கம்பி வேண்டும். கதவின் கீல் எர்த் ஆகாது. பூட்டும்போது எர்த் முதலில், கழற்றும்போது எர்த் கடைசியில்.

பழைய தொழிற்சாலைகளில் நிறத்தை நம்பிக் கை வைக்காதீர்கள். முன்பு உயிர் சிவப்பு, நொதுமல் கறுப்பு, எர்த் பச்சை. மூன்று பேஸ் லைனில் சிவப்பு, மஞ்சள், நீலம். இன்றைய முறையில் நீலம் நொதுமல். ஒரே பெனலில் பழைய நீலமும் புதிய நீலமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்று 230 வோல்ட், மற்றது நொதுமல். அளந்து பார்க்காமல் தொடக்கூடாது. பெனலுக்குள் வேலை மின்னியலாளருடையது. பிளக், கேபிள், டெஸ்ட் பட்டன் வரை நம் கை போகலாம்.

கரண்ட் போகும்போது

லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. கரண்ட் பிறக்கும் மலையில் இருந்துகொண்டு நமக்கு ஏன் இப்படி வந்து வந்து போகிறது என்று டீமேக்கர் ஐயா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நிலையத்தில் இருந்து கரண்ட் முதலில் உயர் அழுத்த லைனில் ஏறித் தூரம் போய், உப நிலையம் கண்டு, 33,000 அல்லது 11,000 வோல்ட் லைனாகத் திரும்பி, மரங்களுக்கு நடுவே மலை ஏறித் தோட்டத்துக்கு வருகிறது. காற்றில் ஒரு கிளை பட்டால் ஒரு நொடி இருண்டு வரும். அந்த ஒரு நொடிதான் கணினிக்கு ஆபத்து.

இங்கே 230 வோல்ட்டில் 6 சதவீதம் கூடலாம், குறையலாம் என்பது விதி. அதைவிடக் கீழே போனாலும் 100 முதல் 240 வரை என்று எழுதிய பவர் சப்ளை சமாளித்துக்கொள்ளும். அதற்கு ஸ்டெபிலைசர் வாங்குவது பெரும்பாலும் வீண் செலவு. பழைய பவர் சப்ளைகளில் 115, 230 என்று ஒரு சிறு நழுவு சுவிட்ச் இருக்கும். அது 230இல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆனால் முழு வெட்டு வந்தால் பவர் சப்ளை தாக்குப்பிடிப்பது 20 மில்லிவிநாடி அளவில்தான், 50 ஹேர்ட்ஸில் ஒரே ஒரு அலை. ரோலர் மோட்டர் கிளம்பும்போது வழக்கத்தைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், அந்த இறக்கத்திலேயே சில கணினிகள் அணைந்துவிடும். கோப்பு எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அணைந்தால் டிஸ்க் கெட்டுப்போகும். 24 வோல்ட் பக்கத்தில் வைக்கும் பெட்டரி யூபிஎஸ் இதற்கு நல்ல தீர்வு. சில நிமிடம் தாங்கினால் போதும், ஆனால் கரண்ட் போனதைக் கணினிக்குச் சொல்லி, அதை முறையாக அணைக்க வைக்கும் சிக்னல் கேபிளையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். வாங்கி வைத்துவிட்டு அந்தக் கேபிளைப் பெட்டிக்குள்ளேயே விட்டவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் ஜெனரேட்டர். லைன் போய் ஜெனரேட்டர் ஓடும்போது கரண்ட்டின் வீடு மாறுகிறது. பழுதுக் கரண்ட் திரும்பிப் போக வேண்டியது இப்போது டிரான்ஸ்போமருக்கு அல்ல, ஜெனரேட்டரின் நொதுமலுக்கு. ஜெனரேட்டரின் நொதுமலை எர்த்தோடு இணைக்காமல் விட்டிருந்தால் பழுதுக் கரண்ட்டுக்குத் திரும்பும் வழி இல்லை. ட்ரிப் சுவிட்ச்சுக்கு வித்தியாசம் தெரியாது. டெஸ்ட் பட்டன் அப்போதும் விழும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. முதல் பழுது இப்படி மறைந்தே கிடக்கும். வேறொரு சாதனத்தில் இரண்டாவது பழுது வரும் இரவில் இரண்டு பெட்டிக்கும் இடையில் ஆபத்தான அழுத்தம் நிற்கலாம். மின்னியலாளர் எர்த் அளக்க வரும்போது, ட்ரிப் சுவிட்ச் சோதிக்கும் கருவியைக் கணினி மாட்டியிருக்கும் பிளக் பொயிண்ட்டிலேயே போட்டு, லைனில் ஒரு முறை, ஜெனரேட்டரை ஓடவிட்டு இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். அவரை வரச் சொல்லும் மாதம், ஹட்டன் பக்கம் என்றால் பெப்ரவரி, பதுளைப் பக்கம் என்றால் ஆகஸ்ட். மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது வரும் எண்ணைப் பெனல் கதவின் உட்புறம் திகதியோடு எழுதி ஒட்டிவையுங்கள்.